மடையடி வயல்

"மனையில ஒரு கைப்பிடி மண்ணு எடுத்து வெச்சிருப்பா. வெள்ளிக்கிழமை பூமிநாதர் கோயிலுக்குப் போயிட்டு வந்துடுவோம்" என்றாள் அத்தை. அவள் மகன் வெளியூரில் வேலையில் இருக்கிறான். அவன் வீட்டுக்கு வானம் தோண்டுவதற்கு முன் மண் எடுத்து வைக்கும் பொறுப்பு உள்ளூரில் இருக்கிற என்னிடம் வந்தது.

மண்ணச்சநல்லூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நிலம் விலை போகாமல் கிடந்தாலும், வாங்கிய மனையில் வழக்கு இழுத்துக்கொண்டிருந்தாலும், கட்டுகிற வீடு பாதியில் நின்றாலும், அந்த இடத்து மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து எங்கள் ஊர் பூமிநாதர் சந்நிதிக்குக் கொண்டுவருவது வழக்கம். முன்பெல்லாம் சுற்றுப்பட்டுக் கிராமத்து ஆட்கள் வருவார்கள். பங்காளிச் சண்டை, வரப்புத் தகராறு என்று வருவார்கள். இப்போது வெளியூர்க் கார்கள் வந்து நிற்கின்றன. முடிச்சுக்குள் வருவதும் பெரும்பாலும் மனை மண்தான்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு போனேன். முதல் வெட்டில் கூழாங்கல் கலந்த சிவப்புக் கிராவல் வந்தது. இரண்டாவது வெட்டிலும் அதேதான். முழங்கால் ஆழத்துக்குப் போயும் நிறம் மாறவில்லை. எங்கோ ஒரு கரட்டை வெட்டி, டிப்பர் லாரியில் கொண்டுவந்து கொட்டி, வயலை மூடி ரோட்டு மட்டத்துக்கு உயர்த்திய மண் அது. எந்த ஊர் மண் என்று எனக்குத் தெரியாது. அதை முடிந்து, இதுதான் எங்கள் நிலத்து மண் என்று சாமி முன்னால் எப்படி வைப்பது? மண்வெட்டியை வரப்பில் ஊன்றிக்கொண்டு நின்றேன். வரப்பு என்று எழுதிவிட்டேன், அங்கே வரப்பு ஏது? நாலு மூலைக்கு நாலு கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, எண் எழுதியிருக்கிறார்கள். என் கால்தான் இன்னும் வரப்பைத் தேடுகிறது.

பத்திரத்தில் அது மனை எண் 17. எனக்கு அது மடையடி.

எங்கள் ஊர் வயல்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. கிளை வாய்க்காலிலிருந்து தண்ணீர் முதலில் இறங்குகிற வயல் மடையடி. அதற்குக் கீழே ஒரே தாக்காகக் கிடந்தது ஏழு மா. நாவல் மரம் நின்ற வரப்பை ஒட்டியது நாவலடி. கோடையிலும் அடிச்சேறு காயாத இடம் பள்ளத்து வயல். தாத்தாவுக்கு ஒரு சர்வே எண் கூடத் தெரியாது, அதெல்லாம் கணக்குப்பிள்ளை சமாச்சாரம். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, "மடையடியில ஏறிடுச்சா? ஏழு மாவுக்கு உடைச்சு விட்டாச்சா?" என்று கேட்பார். ஆமாம் என்று பதில் வந்தால் அன்றைய கவலை தீர்ந்தது. வயலின் பெயரைச் சொன்னாலே அது மேடா பள்ளமா, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வரும், எந்தப் பக்கம் வடியும் என்பதெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இப்போது அதே இடத்தில் சாமி பெயரிலும், மனை போட்டவர் மகள் பெயரிலும் நகர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களைக் கேட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துகொள்ள முடியாது.

அளவும் மாறிவிட்டது. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். மாவுக்குப் பத்து மூட்டை நெல் கண்டால் தாத்தா முகம் மலர்ந்துவிடும். ஒரு மா நிலம் 14,400 சதுர அடி. முப்பதுக்கு நாற்பது மனை 1,200 சதுர அடி. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு மனை என்பது ஒரு போகத்துக்கு முக்கால் மூட்டைக்குக் கொஞ்சம் அதிகமான நெல். ஒரு காரும் இரண்டு படுக்கையறையும் மாடிப்படியும் வருகிற இடத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு வாரத்துச் சோறு இருந்திருக்கிறது. விற்கிறபோது இந்தக் கணக்கை யாரும் போடவில்லை, நானும் போடவில்லை.

பெருவளை வாய்க்கால் முக்கொம்புக்கு மேற்கே, வாத்தலையில் காவிரியின் வடகரையிலிருந்து பிரிகிறது. வழியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் பாய்ந்துவிட்டு எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது அதன் வேகம் தணிந்திருக்கும். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன்பிறகு ஜூன் 12 என்ற தேதி காவிரிப் பாசனக்காரர்களுக்கெல்லாம் பண்டிகை நாள் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குத் திறக்கிறார்களா, தள்ளிப் போட்டுவிட்டார்களா என்று ரேடியோவில் கேட்ட பிறகுதான் தாத்தா அடுத்த வேலையைப் பார்ப்பார். மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு உடனே வந்துவிடாது. காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கே ஒரு ருசி இருந்தது.

தண்ணீருக்கு முன்னால் அதன் வாசனை வரும். காய்ந்து வெடித்த வாய்க்கால் தரையில், நுரையும் சருகும் செத்தையுமாக, எறும்புக் கூட்டத்தைத் தலையில் சுமந்துகொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வரும். பிள்ளைகள் நாங்கள் அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வருவோம். நண்டு வளைக்குள் இறங்கும்போது குபுக்கென்று ஒரு சத்தம் கேட்கும். அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு நடப்போம். மடையடிக்கு வந்ததும் தாத்தா மடையைத் தொட மாட்டார். "பாப்பாவைக் கூப்பிடு" என்பார். பாப்பா என்பது அத்தை. அவள் பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கி, மடையை அடைத்திருந்த வைக்கோலையும் களிமண்ணையும் இரண்டு கையாலும் பிடுங்குவாள். முதல் தண்ணீர் அவள் கால் விரல்களுக்கு நடுவில் புகுந்து வயலுக்குள் ஓடும். பெண்பிள்ளை கை பட்டு இறங்கினால் வெள்ளாமை விளங்கும் என்பது தாத்தாவின் நம்பிக்கை. 1981-ல் அத்தைக்குக் கல்யாணமானது. அதன்பிறகு மடையைத் தாத்தாவே திறந்தார். எனக்கு நினைவு தெரிந்து மனதில் பதிந்த முதல் காட்சி அதுதான், சேற்றில் புதைந்த அத்தையின் கால்.

வயலை விட்டால் எங்களுக்கு மில். மண்ணச்சநல்லூர் என்றால் வெளியூரில் அரிசியைத்தான் சொல்வார்கள். சென்னையில் மளிகைக் கடை வாசலில் அடுக்கியிருக்கும் மூட்டையில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, சொந்தக்காரரைப் பார்த்தமாதிரி நின்றிருக்கிறேன். மண்ணச்சநல்லூர் பொன்னி என்று கேட்டு வாங்குகிறவர்களில் பல பேருக்கு இந்த ஊர் எந்த ஜில்லா என்று தெரியாது. ஆனால் சோறு உதிரி உதிரியாக இருக்கும் என்று தெரியும்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மில் இருந்தது. நெல்லை ஊறத்தொட்டியில் போட்டு, அவித்து, களத்தில் கொட்டுவார்கள். ஊறல் தண்ணீரின் புளித்த வாடை புதிதாக வருகிறவர்களைக் குமட்ட வைக்கும். எங்களுக்கு அதுதான் வீடு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும், அந்த வாடை மூக்கில் ஏறினால் இறங்கத் தயாராகிவிடலாம். அவித்த நெல் களத்தில் விழும்போது பால் காய்வது மாதிரி ஒரு ஆவி எழும்பும். பெண்கள் வரிசையாக நின்று காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே போவார்கள். அவர்கள் நடந்த தடம் சீப்பால் வாரினமாதிரி கோடு கோடாக விழும். உச்சி வெயிலில் அந்தச் சிமென்ட் தரையில் நாங்கள் ஒரு நொடி கால் வைக்க முடியாது. அவர்கள் நாள் முழுக்க நடப்பார்கள். அவர்களில் ஒருத்தியின் உள்ளங்காலைப் பார்த்திருக்கிறேன். பழைய வார்ச்செருப்பின் அடித்தோல் போல, வெடிப்புக்குள் உமி ஏறியிருந்தது. ஊர்ப் பெயரை மூட்டையில் அச்சடித்தவர்களை விட, அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவை அந்தக் கால்கள்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

மழை இருட்டிக்கொண்டு வந்தால் மில் சங்கு ஊதும். ஊதினால் தெருவே ஓடும். படுதா பிடிக்கவும், பலகையால் நெல்லைத் தள்ளிக் குவிக்கவும் யார் வீட்டு ஆள் என்று பார்க்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு ஓடுவோம். நனையாமல் மூடிவிட்டால் மில்காரர் எல்லாருக்கும் பொரி கொடுப்பார். கொடியில் காயும் வேட்டியில் உமிச்சாம்பல் கறுப்புப் பொட்டாக விழுகிறது என்று அம்மா அந்த மில்லைத் தினமும் திட்டுவாள். சங்கு ஊதினால் முதல் ஆளாக ஓடுகிறவளும் அவளாகத்தான் இருப்பாள்.

பிறகு டிரையர் வந்தது. நெல்லைக் காயவைக்க வெயிலும் வேண்டாம், களமும் வேண்டாம், கிளற ஆளும் வேண்டாம் என்று ஆனது. ஏக்கர் கணக்கில் சமதளமாக, ரோட்டோரமாக, சிமென்ட் போட்டுக் கிடந்த களத்துக்கு அதன்பிறகு என்ன வேலை? எங்கள் பக்கத்தில் முதலில் மனையானது வயலில்லை, அந்தக் களம்தான். கல் நட்டபோது சிமென்ட்டை உடைக்க வேண்டியிருந்தது. உடைத்த சந்துகளில் அடுத்த மழைக்கு நெல் முளைத்திருந்தது. யாரும் விதைக்காத நெல். அவித்த நெல் முளைக்காது. மூட்டை இறக்கும்போது சிந்திய பச்சை நெல் எத்தனை நாளாக அந்த வெடிப்புக்குள் கிடந்ததோ.

அந்த மில்லின் மொட்டை மாடியில் ஏறினால் தெற்கே மலைக்கோட்டை தெரியும். அதற்கு இப்பால், தென்னை மட்டைகளுக்கு மேலே, சாரம் கட்டிய ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற கோபுரம் நிலை நிலையாக வளர்வதை நாங்கள் வயலுக்கு அப்பாலிருந்து பார்த்தோம். லீவுக்கு ஊர் வந்தவர்களிடம், "இப்ப இன்னொரு நிலை ஏறிடுச்சு" என்று எங்கள் வீட்டு வேலை மாதிரி சொல்வோம். 1987 மார்ச் 25-ல் கும்பாபிஷேகம் நடந்தது. பதிமூன்று நிலை, 236 அடி. எனக்கும் அப்போது பதிமூன்று வயது. தாத்தா கோயிலுக்குப் போகவில்லை. மடையடி வரப்பில் நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அங்கிருந்தே கும்பிட்டார். வரப்பிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரிகிற காலம் அது. நடுவில் மறைக்க ஒன்றுமில்லை. பயிர் மட்டத்துக்கு மேலே தென்னை, தென்னைக்கு மேலே கோபுரம், அவ்வளவுதான் அடுக்கு.

அக்கரைக்குப் போவது அன்றைக்குப் பெரிய பிரயாணம். தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழக பஸ் நம்பர் ஒன் டோல்கேட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, 1928-ல் கட்டிய கொள்ளிடம் பழைய பாலத்தில் ஏறும். எதிரே லாரி வந்தால் ஒதுங்கி, தடதடத்து, நகர்ந்து போகும். கீழே பெரும்பாலும் மணல்தான். மணலுக்கு நடுவே கோடு இழுத்த மாதிரி தண்ணீர். அதைத் தாண்டினால் திருவானைக்காவல், பிறகு காவிரி, பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்டு. இரண்டு ஆறு தாண்டிப் போகிற இடத்தை யாராவது பக்கத்து ஊர் என்பார்களா? திருச்சியை நாங்கள் டவுன் என்றோம். டவுன் அங்கே இருந்தது, நாங்கள் இங்கே இருந்தோம். கொள்ளிடம் எங்களுக்கு வேலி மாதிரி இருந்தது.

வேலி ஒரே நாளில் போகவில்லை. 1994-ல் ஸ்ரீரங்கம் நகராட்சியும் பொன்மலையும் திருச்சியோடு சேர்ந்து மாநகராட்சியானது. ஸ்ரீரங்கமோ இரண்டு ஆற்றுக்கு நடுவே கிடக்கிற தீவு, நீட்டிக்க இடமில்லை. ரிட்டையர் ஆனவர்கள் ரங்கநாதர் காலடியில் இருக்க வேண்டும் என்று வந்துகொண்டே இருந்தார்கள். அகலமான பழைய வீடுகள் அடுக்குமாடியாயின, தோப்புகள் தெருக்களாயின. அதற்கும் மேல் இடம் வேண்டியபோது நகரம் பாலத்தைத் தாண்டியது. சென்னை நெடுஞ்சாலை நாற்கரமானது. சமயபுரம் பக்கமும் இருங்களூர் பக்கமும் கல்லூரிகள் எழுந்தன. 2016-ல் கொள்ளிடத்தில் புதுப் பாலம் திறந்தார்கள். பழைய பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2018 ஆகஸ்டில் ஆறு கரை கொள்ளாமல் போனபோது பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1836-ல் எழுப்பிய மேலணையின் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. பாலம் சரிந்ததைப் பார்க்க ஊரே திரண்டு போனது. நான் போகவில்லை. தாத்தாவின் மடியில் உட்கார்ந்து போன பாலம் அது.

அதற்கெல்லாம் முன்பே மனை வியாபாரம் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேனில் ஆட்களை ஏற்றி வருவார்கள். வயல் நடுவே சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மத்தியானம் பிரியாணி, அன்றைக்கே முன்பணம் கட்டினால் தங்கக் காசு. நோட்டீஸில் தூரத்தைக் கிலோமீட்டரில் போட மாட்டார்கள். சத்திரத்திலிருந்து இருபது நிமிடம், டோல்கேட்டிலிருந்து பத்து நிமிடம் என்று போடுவார்கள். கூடவே மறக்காமல் இன்னொரு வரி இருக்கும்: பத்தடியில் சுவையான குடிநீர். அந்தத் தண்ணீர் ஏன் பத்தடியில் இருக்கிறது என்று வாங்குகிறவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வருஷத்தில் பாதி நாள் வயலில் நின்ற தண்ணீர்தான் கீழே இறங்கி ஊறிக் கிடந்தது. வயலை மூடினால் அந்த ஊற்று எத்தனை நாளைக்கு?

எங்கள் நிலம் எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1998-ல் பாகம் பிரித்தோம். பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று மூன்று பங்கு. அத்தைக்குப் பங்கு இல்லை. பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டிருந்தது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தாது. அத்தைக்கு 1981-ல் கல்யாணம். மத்திய அரசு 2005-ல் சட்டத்தைத் திருத்தி எல்லா மகள்களுக்கும் உரிமை கொடுத்தபோது, முன்னமே பதிவான எங்கள் பாகப் பத்திரத்தை அது தொடவில்லை. அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்ல பதில் எதுவும் எனக்குள் இல்லை.

2002, 2003-ல் காவிரி கைவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்த வருஷத்தில் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆள் கிடைத்த வருஷத்தில் நெல்லுக்கு விலை இல்லை. பெரியப்பா மகள் கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன். 2009-ல் மடையடியும் ஏழு மாவும் ஒரே கிரயத்தில் போயின. சார்பதிவாளர் அலுவலகத்தில் நானும் வாரிசாகக் கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை, உதறி எழுதினேன். பெருவிரலில் ஒட்டிய மையைத் துடைக்க அங்கே ஒரு பழைய துணி தொங்கியது. எத்தனையோ பேர் துடைத்து அது நீலமாகிக் கிடந்தது.

விற்றவர்களை மட்டும் குறை சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை. விற்க விரும்பாதவர்கள் எப்படி விற்றார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். மனை போடும்போது முதலில் மூடுவது வடிகாலைத்தான். பாசன வாய்க்கால் அரசுப் புறம்போக்கு, அதில் கை வைக்க யோசிப்பார்கள். வயலுக்கும் வயலுக்கும் நடுவே, அதிகத் தண்ணீரை வடித்துவிடுகிற சின்ன ஓடையை வெளியூர்க்காரன் பார்த்தால் வெறும் புல் மண்டிய பள்ளம். அதில் நாலு லாரி கிராவலைக் கொட்டி ரோடு போட்டுவிடுவார்கள். அடுத்த ஐப்பசி மழைக்கு, விற்காமல் வைத்திருந்த பக்கத்து வயலில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நிற்கும். கதிர் அழுகும். வயல்காரர் இரண்டு வருஷம் பொறுப்பார். மூன்றாவது வருஷம் புரோக்கர் வாசலில் வந்து நிற்பார். நாவலடியை உழுதுகொண்டிருந்தவர் அப்படித்தான் விற்றார். அந்தத் தண்ணீரைக் கட்டிப்போட்டது எங்கள் ஏழு மா மேல் போட்ட ரோடு. அவர் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் பேசுவார், சிரிப்பார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

2020 பிப்ரவரியில் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று முதல்வர் அறிவித்தபோது திருச்சி மாவட்டத்தின் பெயரும் அதில் இருந்தது. ஊரில் பட்டாசு வெடித்தவர்கள் உண்டு. அதே மாதம் சட்டமாக வந்தபோது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்கள் இருந்தன. திருச்சி இல்லை. இருந்திருந்தாலும் அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய் எரிவாயுக் கிணறுகளையும் சில வகை ஆலைகளையும்தான். வீட்டுமனைக் கல்லை அது தடுக்காது. சோழநாட்டின் மேற்கு வாசல் நாங்கள், காவிரி முதலில் எங்கள் கையில்தான் தண்ணீரைக் கொடுக்கிறது. எங்கள் வயலுக்கு எந்தக் காகிதத்திலும் காவல் இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். சென்னையில் 1920-களில் மாம்பலத்து ஏரி இருந்த இடத்தில் தியாகராய நகரை எழுப்பினார்கள். ஏரி அங்கே இருந்தது என்பதை இன்று தேடிப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு வருஷம் கழித்து மண்ணச்சநல்லூர் பொன்னி என்ற பெயரையும் யாராவது தேடிப் படிப்பார்களோ என்னவோ.

எங்கள் மடையடியில் போட்ட மனைகளுக்கு அங்கீகாரம் இல்லை. வாங்கியவர்கள் அதைக் கவனிக்கவில்லை, அத்தை மகனும்தான். 2013-ல், சம்பாதித்த முதல் பெரிய பணத்தில், அம்மா பிறந்த ஊரில் இடம் வேண்டும் என்று வாங்கினான். வாங்கிவிட்டுத்தான் அத்தையை அழைத்து வந்து காட்டினான். அவள் கல்லைப் பார்க்கவில்லை. வாய்க்கால் பக்கம் திரும்பி நின்று, கண்ணால் ஏதோ அளந்துவிட்டு, "இது மடையடிப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பங்கு கேட்காத நிலத்தை, அவள் மகன் சதுர அடிக் கணக்கில் விலை கொடுத்து வாங்கிக் கொடுத்தான்.

2016 செப்டம்பர் 9-ல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஊரே ஸ்தம்பித்தது. சாமியானாக்கள் காணாமல் போயின. சில மாதம் வயல்களுக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது என்று நினைத்தேன். 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டி, அலைந்து, மனை முறைப்படுத்தப்பட்டது. அதற்குப் பிறகு கொரோனா. இப்படியே தள்ளித் தள்ளி இப்போதுதான் வானம் தோண்டும் வேளை வந்திருக்கிறது.

கிராவலைக் கையில் வைத்துக்கொண்டு அத்தைக்குப் போன் போட்டேன். "அத்தை, மேலே எல்லாம் வெளி மண்ணாத்தான் இருக்கு. என்ன பண்றது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது வந்த மண்ணுப்பா. நம்ம மண்ணு அடியில இருக்கும். பில்லர் குழி தோண்டுறப்ப கூப்பிடு, நான் வந்து எடுத்துக்கறேன்" என்றாள். அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை.

குழி தோண்டிய அன்றைக்குக் காலையிலேயே ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் மஞ்சள் துணி. மனை ஓரத்தில் நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. ஜேசிபி வாளி இறங்கி இறங்கிச் சிவப்பு மண்ணாக அள்ளிப் போட்டது. மூன்றரை அடி தாண்டியதும் வாளியில் வேறு சத்தம் கேட்டது. சரளை உரசுகிற சத்தம் நின்று, வெண்ணெயில் கரண்டி இறங்குவது போல வழுக்கிக்கொண்டு போனது. அள்ளிக் கொட்டியது கன்னங்கரேல் என்று, ஈரமாக, கட்டி கட்டியாக விழுந்தது. டிரைவரை நிறுத்தச் சொல்லிவிட்டு அத்தை குனிந்தாள். ஒரு கட்டியை எடுத்து இரண்டாகப் பிட்டாள். உள்ளே வைக்கோல் நிறத்தில், மயிரிழை போல வேர்கள். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய அறுப்பின் அடித்தாள் வேர், மட்காமல் அப்படியே. இன்னொரு கட்டியில் நகக்கண் அளவு வெள்ளையாக ஒரு நத்தை ஓடு. அதைத் தட்டிவிடாமல், மண்ணோடு சேர்த்தே துணியில் வைத்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். தண்ணீருக்கு முன்னால் வருகிற வாசனை அது.

முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போது குழிக்குள் இறங்கியிருந்த கொத்தனார், "அம்மா, ஊத்து அடிக்குதும்மா. வாய்க்கால்ல தண்ணி விட்டுட்டாங்களா?" என்று கேட்டார். குழியின் மேற்குச் சுவரில் கறுப்பு மண்ணும் சிவப்பு மண்ணும் சேருகிற கோட்டிலிருந்து கசிந்து, அவர் கணுக்கால் மட்டத்துக்கு வந்துவிட்டது.

"விட்டிருப்பாங்க. இது மடையடில்ல, இங்கதான் முதல்ல ஏறும்" என்றாள் அத்தை.

மோட்டார் கொண்டுவந்து இறைத்தார்கள். இறைத்த தண்ணீர் போக வழியில்லாமல் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றது. பக்கத்து மனைக் கல்லைச் சுற்றிக்கொண்டது. அப்புறம் சருகையும் செத்தையையும் தள்ளிக்கொண்டு, நுரைத்தபடி, ஆள் நடக்கிற வேகத்தில், கிழக்கே ஏழு மா இருந்த பக்கம் போனது.